முப்பது தங்க இலைகள்

எரித்திரியா நாட்டின் தேசியக் கொடியை என் கையால் தைத்தேன். அதனால், இந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதியை இழந்தேன். சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. நடந்தது இவ்வளவுதான். எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

சுவிஸில், பேர்ண் நகரின் மேற்கே, பூம்ப்ளிஸில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு நீண்ட அறை. தோய்க்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம், காயவைக்கும் இயந்திரங்கள் மறுபக்கம், நடுவில் துணி மடிக்கும் மேசை. அந்தச் சிநேகிதி எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். உயரம், மெலிவு, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். வந்த முதல் நாளே பொறுப்பாளர் எங்கள் இருவரையும் படுக்கை விரிப்பு மடிக்க விட்டார். பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து, மூலைகளை மற்றவரின் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படி நடந்து வருவோம் என்று கணக்கே இல்லை. அவ்வளவு தடவை ஒருத்தியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் ஒன்றில் வெறுத்துப்போகும், இல்லையென்றால் பிடித்துப்போகும். எங்களுக்குப் பிடித்துப்போனது.

நாங்கள் கதைத்தது டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். இரண்டு பேருடையதும் அரைகுறை டொச். அதை இங்கே என் பேச்சில்தான் எழுதுகிறேன். அவளுடைய குரலை என்னால் அப்படித்தான் கேட்க முடிகிறது.

முதல் நாள் விரிப்பை மடித்துக்கொண்டே, "நீ எந்த நாடு?" என்று கேட்டேன்.

"எரித்திரியா."

நான் கையிலிருந்த ஓரத்தை விட்டுவிட்டேன். விரிப்பு நிலத்தில் விழுந்தது.

"நீங்கள் வெண்ட ஆக்கள்!" என்று சத்தம் போட்டேன்.

அவள் பயந்துபோனாள். நான் ஏதோ உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்தாளாம். "இல்லை, நாங்கள் எப்பவும் தோக்கிறதுதான்" என்றாள். பிறகு எத்தனையோ நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நான் ஏன் அப்படித் துள்ளினேன் என்று என் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இயக்கத்தின் பேச்சாளர்கள் மைதானத்துக்கு வருவார்கள். எங்களை வெயிலில் இருத்திவைத்துப் பேசுவார்கள். பேச்சில் எப்படியும் ஓர் இடத்தில் எரித்திரியா வரும். "அந்தச் சின்ன நாட்டைப் பாருங்கள். முப்பது வருஷம் சண்டை பிடித்தார்கள். உலகத்தில் ஒருவரும் உதவவில்லை. வென்றார்கள்." இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அங்கே ஒரு கொடி ஏறியிருக்கிறது என்று தெரியும். எங்களுக்கு ஏறாத கொடி அவர்களுக்கு ஏறியது என்பது எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அந்த நாட்டுக்காரி ஒருத்தி இங்கே வந்து என்னோடு சேர்ந்து விரிப்பு மடித்தால் நான் சும்மா இருப்பேனா? என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று என் கணவர் சொல்வார். காலை ஒன்பது மணித் தேநீருக்கு இங்கே ஸ்நூனி என்று பெயர். அந்தப் பதினைந்து நிமிடமும் நான்தான் கதைப்பேன். அவளுடைய நாட்டின் கதையை அவளுக்கே சொல்வேன். கைத்தொலைபேசியில் தேடிப் படித்ததையெல்லாம் சொல்வேன். கொடியில் பச்சை வயலுக்கு, நீலம் கடலுக்கு, நடுவில் குத்திநிற்கும் சிவப்பு முக்கோணம் சிந்திய ரத்தத்துக்கு. அந்த முக்கோணத்தில் தங்க நிறத்தில் ஒலிவ் இலை வளையம். அதில் முப்பது இலைகள், சண்டை பிடித்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை. சிவப்பு கம்பத்தடியில் அகலமாகத் தொடங்கி நுனியில் ஒடுங்கிப் போகிறதே, வரவர ரத்தம் குறையும் என்பதற்காக அப்படி வைத்தார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதையும் சொன்னேன்.

"நல்லாப் படிச்சிருக்கிறாய்" என்பாள். தேநீரில் சீனியைக் கலக்கிக்கொண்டே இருப்பாள். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

அவள் அடக்கமானவள் என்று நினைத்தேன். வென்றவர்கள் வெற்றியைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார்கள் என்று நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். கேட்காமலே விளக்கம் வைத்திருப்பது எனக்குப் பிறவிக் குணம்.

அவளுக்கு ஊரில் ஒரு தம்பி இருந்தான். பதினெட்டு வருஷமாகப் பட்டாளத்தில் இருக்கிறான் என்று நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் சொன்னாள்.

"பதினெட்டு வருஷமோ! அப்பா, என்ன நாட்டுப்பற்று!" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அப்போது பக்கத்து மேசையில் வேறு பிரிவில் வேலை செய்யும் அவளுடைய நாட்டுக்காரர் ஒருவர் வந்து அமர்ந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த இடைவெளியை நான் உடனே நிரப்பினேன். "என்ர தம்பியும் போராளிதான். சண்டையில செத்தவன்" என்றேன். பெருமையோடு சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி ஒன்பது வருஷம் போனது. என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு வெள்ளைச் சால்வை போர்த்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தாள். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது, என் சொந்தக்காரர் தொலைபேசியில் சுகம் விசாரித்தார்கள். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். சிநேகிதி என்று நான் சும்மா சொல்லவில்லை.

போன வருஷம் இலையுதிர்காலத்தில், ஒரு வியாழன் காலை, உடை மாற்றும் அறையில் அவள் மேலங்கியோடே வாங்குப் பலகையில் இருந்தாள்.

"என்ர தம்பி செத்திட்டான்" என்றாள்.

நான் பக்கத்தில் இருந்து அவளை அணைத்தேன். "சண்டையிலயோ?"

"சண்டை இல்லை. பட்டாளம்…" என்று தொடங்கினாள். இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். அவள் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "உடம்பு வராது" என்றாள். அவ்வளவுதான்.

உடம்பு வராது என்றதும் அவளை இன்னும் இறுக அணைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நான் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் பட்டாளத்தில், நாட்டுக்காக இறந்திருக்கிறான், உடல்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமை இங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் துக்கத்துக்கு ஆட்கள் கூடுவார்கள் என்றாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். அவனுக்கு ஒரு கொடி வேண்டும்.

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிய உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவன் தானாக இயக்கத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்தார்கள். அம்மா கொடுக்க மறுத்தாள். டியூட்டரிக்குப் போன பிள்ளையை வழியில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினாறு வயது. பிடித்துப் போன பதினோராம் மாதத்தில் மூடிய பெட்டியில் திரும்பி வந்தான். கொண்டுவந்தவர்கள் பெட்டியின் மேல் தங்கள் கொடியை விரிக்கப் போனார்கள். அம்மா படலையில் நின்று மறித்தாள்.

"இதை என்ர புள்ளைக்கு மேல போடாதீங்க."

"அம்மா, இது மரியாதை."

"அவன் கேட்டு வரல்ல. நீங்கதான் புடிச்சிக்கொண்டு போனீங்க. கொடியக் கொண்டு போங்க, புள்ளையத் தந்திட்டுப் போங்க."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அயலெல்லாம் கூடி நின்று பார்க்க, அம்மா இப்படிக் கத்தினாள் என்று எனக்கு அவமானமாக இருந்தது. என் தம்பியை வெறும் பலகைப் பெட்டியோடு, ஒன்றுமில்லாதவன் போலப் புதைத்தோம். எதற்காகவோ செத்தான் என்று சொல்வதற்கு ஒரு துணியாவது இருந்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம். அம்மா சாகும்வரை அந்தக் கோபத்தை நான் விடவில்லை. வெளிநாடு வந்த பிறகு கேட்டவர்களிடமெல்லாம் தம்பி போராளி, சண்டையில் செத்தவன் என்றே சொன்னேன். பிடித்துக்கொண்டு போனதைச் சொல்லவில்லை. என் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆகவே அவளுடைய தம்பிக்குக் கொடி தைக்க இருந்தபோது நான் யாருடைய தம்பிக்குத் தைத்தேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

நான் வீட்டில் தமிழ்ப் பெண்களுக்குச் சேலைச் சட்டை தைப்பவள். துணிக்குப் பஞ்சமில்லை. ஒரு கல்யாணச் சட்டையில் மிஞ்சிய சிவப்புப் பட்டு இருந்தது. பச்சையும் நீலமும் வாங்கினேன். செவ்வாய் எனக்கு விடுமுறை. காலையில் மகள் பள்ளிக்கூடம் போனதும் மேசையை ஒதுக்கிவிட்டு இருந்தேன். கணவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார்.

"என்னப்பா இது?"

சொன்னேன்.

"அவவைக் கேட்டனீரோ?"

"கேட்டுச் செய்யிறதுக்குப் பேர் அன்போ?"

"கேட்டிட்டுச் செய்தால் என்ன குறைஞ்சு போயிடுவீரோ? கொடி விஷயம். எங்கட சனத்துக்குள்ளயே ஒரு கொடிக்கு எத்தினை கோஷ்டி!"

"அது நாங்கள் தோத்தபடியால். அவையள் வெண்டவை. வெண்டவைக்கு ஒரு கொடிதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த மனுஷன் அதிகம் கதைப்பதில்லை. கதைக்கும்போது சரியாகக் கதைத்துத் தொலைப்பார்.

இலைகளைப் பொன்சரிகைத் துணியில் வெட்டினேன். ஒவ்வொரு இலையும் என் சுண்டுவிரல் நீளம். ஓரம் பிரியாமல் மடித்து, கைத்தையலாகத் தைத்தேன். இயந்திரத்தில் ஓட்டினால் சுருங்கும். எண்ணி எண்ணித் தைத்தேன். இருபத்தெட்டில் சரிகைத் துணி முடிந்துவிட்டது. யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. என் கூறைச் சேலையை எடுத்து, உள்ளே மடிந்துபோகும் ஓரத்தில் இரண்டு இலைக்கு வெட்டினேன். அந்த நேரம் எனக்கிருந்த மனநிறைவை மறைக்கமாட்டேன். அப்படி ஒரு நிறைவோடு நான் கோயிலில்கூட நின்றதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வேலை முடித்து நேரே மண்டபத்துக்குப் போனேன். நாற்பது, ஐம்பது பேர் இருக்கும். பெண்கள் வெள்ளைச் சால்வை போர்த்துச் சுவரோரம் இருந்தார்கள். கோப்பி வறுத்த வாசம். எங்கள் செத்த வீட்டில் போலவே மெல்லிய குரலில் கதை. முன்னால் ஒரு மேசையில் அவனுடைய படம், இரண்டு மெழுகுதிரி. இளம் வயதுப் படம். அவளைப் போலவே ஒரு பக்கம் குழி விழும் சிரிப்பு. கீழே அவர்களின் எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவள் அங்கே இல்லை. உள்ளே கோப்பி ஊற்றுகிறாள் என்று கையால் காட்டினார்கள்.

நல்லது, அவள் வரும்போது பார்க்கட்டும் என்று நினைத்தேன். படத்தையும் மெழுகுதிரியையும் மெதுவாகத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். கொடியை மேசையில் விரித்து, முன்பக்கம் தொங்க விட்டு, இலை வளையம் நடுவில் தெரியும்படி இழுத்துச் சரிசெய்தேன். படத்தைத் திரும்ப வைத்தேன். கைகூப்பி நின்றேன்.

திரும்பியபோது மண்டபத்தில் சத்தமே இல்லை.

முதலில் ஒரு வயதானவர் எழுந்து மேலங்கியைப் போட்டார். படத்தைப் பார்க்காமல் வெளியே போனார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். பிறகு சுவரோரத்தில் நாலைந்து பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஓர் ஆள் என்னைத் தன் தொலைபேசியில் படம் எடுத்தார். எனக்கு விளங்கவில்லை. பிரார்த்தனை முடிந்துவிட்டதாக்கும் என்றுகூட நினைத்தேன். செத்த வீட்டில் ஆட்கள் எழுந்து போவது என்றால் என்ன என்று தெரியாதவளா நான்? ஆனாலும் அதற்குக் காரணம் நானாக இருப்பேன் என்று மனதில் படவில்லை.

அவள் கோப்பித் தட்டோடு வெளியே வந்தாள். பாதி வெறுமையான மண்டபத்தைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. நேரே வந்து தம்பியின் படத்தைத் தூக்கி, கண்ணாடியைச் சால்வையால் துடைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"எடு" என்றாள்.

நான் கொடியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"அதை எடு."

அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வந்து கொடியைச் சுருட்டி என் கையில் தந்தார். என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றோம். தூறிக்கொண்டிருந்தது. அவர் நல்ல டொச் கதைத்தார். கோபமாகக் கதைக்கவில்லை.

"உங்களை ஆரும் அனுப்பினவையோ?" என்று முதலில் கேட்டார்.

"என்னை ஆர் அனுப்புறது? நானேதான் தைச்சனான்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினார். "உள்ளுக்கை இருந்த சிலர் நம்பமாட்டினம். அரசாங்கத்தின்ர ஆள் ஒண்டு வந்து படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்குது எண்டு நினைச்சிருப்பினம். இஞ்ச ஆர் எந்தப் பக்கம் எண்டு தெரியாது. இஞ்ச ஒரு சொல் கதைச்சால், அங்க ஒரு தாய்க்குக் கஷ்டம் வரும். அதுதான் எழும்பிப் போனவை."

பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னார். அவன் பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்தது நாட்டுப்பற்றினால் இல்லை. போனவனை அவர்கள் விடுவதில்லை. ஒன்றரை வருஷம் என்று சொல்லிக் கூட்டிப் போவார்கள், தலை நரைத்தாலும் விடமாட்டார்கள். கல்யாணம் கட்ட வேண்டும் என்று எல்லையைத் தாண்டி நடக்கப் பார்த்திருக்கிறான். பிடித்துவிட்டார்கள். பாலைவனத்தில் இரும்புக் கொள்கலத்துக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். மூன்று வருஷம். பகலில் அந்த இரும்பைத் தொட முடியாதாம்.

"அந்தச் சிறையின்ர வாசல்ல பறக்கிறது இந்தக் கொடி" என்றார்.

சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தன் சட்டை மடிப்பைத் திருப்பி, உட்பக்கம் குத்தியிருந்த ஒரு சின்ன ஊசிச் சின்னத்தைக் காட்டினார். வெளிர் நீலம், நடுவில் பச்சை நிற ஒலிவ் வளையம். அவர்களின் பழைய கொடி; இன்றைய அரசை எதிர்ப்பவர்கள் பிடிப்பது அதைத்தான். எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைத்தபோது ஐக்கிய நாடுகளின் நீலத்தில் கொடுத்த கொடி. பத்து வருஷத்தில் எத்தியோப்பியா கூட்டாட்சியையும் இல்லாமலாக்கி, கொடியையும் இறக்கிவிட்டது. அதற்காகத்தான் முப்பது வருஷம். வென்ற பிறகு, வென்ற இயக்கத்தின் கொடியில் இருந்த முக்கோணத்தையும் பழைய கொடியின் இலைகளையும் சேர்த்துப் புதியது செய்தார்கள்.

"அது முதல் முதல் ஏறேக்க நான் சின்னப் பெடியன். அம்மா றோட்டில ஆடினவ. நானும் அழுதனான்" என்றார். "நீங்கள் தைச்ச இலை முப்பதில ஒண்டு என்ர மூத்த அண்ணன். அதாலதான் எங்களுக்கு இன்னும் நோகுது. இது பிறத்தியான்ர கொடியெண்டால் எரிச்சுப்போட்டுப் போயிடலாம்."

அவர் உள்ளே போனார். நான் மழையில் நின்றேன். என் அம்மாவை நினைத்து அழுதேன். அவள் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. படலையில் நின்று மறித்தவள் சரி, நான்தான் பிழை என்று விளங்க எனக்கு இருபத்தைந்து வருஷமும் இன்னொருத்தியின் செத்த வீடும் தேவைப்பட்டிருக்கிறது. கொடி கொண்டுவந்து விரிக்கப் பார்த்தவர்கள் என் அம்மாவுக்குச் செய்ததை, நான் என் சிநேகிதிக்குச் செய்துவிட்டேன். அவர்களாவது விரிக்கவில்லை. நான் விரித்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். "மன்னிச்சுக்கொள், எனக்குத் தெரியாது" என்றேன். "தெரியும், நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை" என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை நீங்கள் என்று சொன்னாள். ஒரு பொறுப்பாளரிடம் கதைப்பது போல அவ்வளவு மரியாதை. அதற்குப் பதிலாகக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

ஸ்நூனிக்கு நான் போனால் அவள் பிறகு போவாள். நான் இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, நன்றி சொல்லி, மறுநாள் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தாள். முன்பெல்லாம் என் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. ஆனால் விரிப்பு மடிக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். அதைப் பொறுப்பாளர் மாற்றவில்லை. நாங்கள் முன்போலவே ஓரங்களைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தோம். அவள் மூலைகளை என் கையில் தரும்போது என் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்தாள். குளிர்காலம் முழுவதும் அப்படி. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுவேன். கணவர் ஒரு நாளும் "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

கொடியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எறிய முடியாது. அதில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் சொன்ன மூத்தவர் இருக்கிறார். வைத்திருக்கவும் முடியாது. சட்டைத் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

அவள் விலகுவதாக மாசி மாதம் பொறுப்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நொஷாட்டலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். பிரெஞ்சு பேசும் ஊர். அவளுக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. எதற்கு இந்த வயதில் இன்னொரு மொழி என்று கேட்டவர்களிடம் ஏரி அழகு என்றாளாம். உண்மைக் காரணம் எனக்கு அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் மூலம் தெரியவந்தது. அவரை ஒரு நாள் கடையில் கண்டேன். மண்டபத்தில் எடுத்த படம் தொலைபேசிகளில் சுற்றியிருக்கிறது. தம்பியின் படத்துக்குக் கீழே அந்தக் கொடி. கைகூப்பி நிற்கும் நான் அதில் பாதிதான் தெரிகிறேன். தேவாலயத்தில் சிலர் அவளுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தவிர்த்தார்கள். அரசாங்கப் பக்கத்தார் சிலர் வலிய வந்து கைகொடுத்தார்கள். அது இன்னும் மோசம். தம்பியைக் கொன்றவர்களின் ஆட்கள் வந்து அவளைத் தங்கள் ஆள் என்று கட்டிப்பிடித்திருக்கிறார்கள்.

கடைசி நாள் தேநீர் அறையில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கையெழுத்திட்ட ஓர் அட்டை. நானும் என் பெயரை எழுதினேன், வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை. நான்கு மணிக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட, நானும் கேட்காமலே கூடப் போனேன். டிராம் நிறுத்தம்வரை ஐந்து நிமிட நடை. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

நிறுத்தத்துக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. என் தம்பி போராளி இல்லை, அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், டியூட்டரிக்குப் போன பிள்ளை, பதினாறு வயது, அம்மா கொடியை மறித்தாள், நான் அம்மாவை மன்னிக்கவே இல்லை, ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை, பொய்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், உனக்கும் பொய்தான் சொன்னேன். எல்லாம் உடைந்த டொச்சில், மூக்கைச் சிந்திக்கொண்டு. பக்கத்தில் நின்ற சுவிஸ்காரி கொஞ்சம் தள்ளிப்போய் நின்றாள்.

அவள் முழுவதையும் கேட்டாள். மாதக் கணக்கில் பார்க்காத என் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். கை உயர்ந்து என் கன்னம்வரை வந்தது. தொடாமல் இறங்கியது.

"நீ இதை அண்டைக்குச் சொல்லியிருந்தால்" என்றாள். நீ என்றுதான் சொன்னாள். "அவன் பட்டாளத்தில எண்டு நான் சொன்ன அண்டைக்கு. நான் சொல்லத்தான் வாய் எடுத்தனான். நீ உன்ர தம்பி வீரன் எண்டாய். வீரன்ர அக்காவுக்கு, என்ர தம்பி தப்பி ஓடப் பாக்கிறான் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

டிராம் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் இருந்து, எனக்குக் கைகாட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால், அது ஆறட்டும் என்று நான் காத்திருந்திருப்பேன்.